லா காலேஜ் காம்பவுண்டுல நிக்குற அந்த கூம்பு சமாதிய பேத்து எடுக்கலாமா? வட சென்னை மக்கள் வந்து சொல்லுங்க

பாரிமுனை_பையன்:
பேப்பர்ல பாத்திருப்பீங்க. ஐகோர்ட் காம்பவுண்டுல பழைய லா காலேஜ் பக்கத்துல நிக்குதே கூம்பு மாதிரி ஒண்ணு, அத நாலு வாரத்துல வேற எடத்துக்கு மாத்துங்கன்னு தொல்லியல் துறைக்கு 2023 ஜூன் மாசம் ஐகோர்ட் ஆர்டர் வந்துச்சு. காரணம் கார் பார்க்கிங். அடுக்கு பார்க்கிங் கட்டணும், ஆனா பாதுகாக்கப்பட்ட சின்னம்னு போர்டு போட்டுட்டா அதுல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்ட முடியாது, அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டருக்கு பர்மிஷன் வாங்கணும், 2010ல சட்டத்த அப்படி இறுக்கிட்டாங்க. இது 1921லயே லிஸ்ட்ல ஏறிடுச்சு. அதனால சமாதி இருக்குற வரைக்கும் பார்க்கிங் இல்ல.

நான் அங்கதான் படிச்சேன். மொத ரெண்டு வருஷம் அது ஏதோ பழைய தண்ணி டேங்க்குன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், சத்தியமா. பசங்க "பிரமிடாண்ட வாடா"ம்பானுங்க, நிழல் எந்தப்பக்கம் விழுதோ அந்தப்பக்கம் உக்காந்து டிபன் பாக்ஸ தெறப்போம், எங்கம்மா கட்டித்தர தயிர்சாதமும் மாவடுவும். மாவடு கொட்டைய துப்புறதுக்குக்கூட அந்த செவுத்துல ஒரு பொந்து இருந்துச்சு. மூணாவது வருஷம் ஒரு சீனியர் அண்ணன் வந்து "டேய் நீங்க ஒரு கொழந்த சமாதி மேல சாஞ்சிட்டு சாப்புடுறீங்கடா"ன்னாரு. அன்னைக்கு சாப்பாடு எறங்கல.

உள்ள ரெண்டு பேரு. ஒருத்தர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்திய கம்பெனி கவுன்சில்ல கவர்னருக்கு அடுத்த ஆளு, 1680 மே மாசம் செத்துட்டாரு. அவரு சம்சாரம் கேத்தரின் அதே வருஷம் நவம்பர்ல எலிஹு யேல்ங்கிறவர கட்டிக்கிச்சு. கோட்டைக்குள்ள இருக்குற செயின்ட் மேரி சர்ச்ச அக்டோபர் 28ந்தேதிதான் தெறந்தாங்க, அங்க நடந்த மொத கல்யாணமே இதுதான். அவங்களுக்கு ஒரே பையன், டேவிட். நாலு வயசு முடியறதுக்குள்ள போய்ட்டான். அவன எங்க வச்சாங்க தெரியுமா, அம்மாவோட மொத புருஷன் சமாதியிலயே. ரெண்டாவது புருஷனோட புள்ளைய மொத புருஷன் பக்கத்துல. இத கேட்டதுல இருந்து எனக்கு அந்த எடம் வேற மாதிரி ஆயிடுச்சு.

சரி உங்க கருத்து சொல்லுங்க. எடுக்கலாமா கூடாதா?

ஹார்பர்_லோடு:
பிரதர் தப்பா நெனைக்காத, நான் டெய்லி பாரிஸ் கார்னர்ல வண்டி ஓட்றவன். என்எஸ்சி போஸ் ரோட்ல ஒரு குட்டியானை வண்டிய அஞ்சு நிமிசம் நிறுத்த முடியுதா நீ சொல்லு. கோர்ட்டு ஆளுங்க காரு பூரா ரோட்டாண்டதான் கீது, கேஸுக்கு வர கெழவன் கெழவி நடக்கறதுக்கு எடமில்ல. முன்னூத்தி சொச்சம் வருசம் முன்னாடி செத்த தொர வூட்டு புள்ளைக்கு கல்லற முக்கியமா, உசுரோட கீறவனுக்கு எடம் முக்கியமா? இன்னாத்துக்கு இவ்ளோ பீலிங்கு. எட்து ஓரமா வெச்சிட்டு போவ வேண்டியதான. நாங்கல்லாம் வூட்டயே எட்து ஓரமா வெச்சவங்கதான்.

காசிமேடு_கடல்:
அண்ணே கடைசி வரி செம

காலடிப்பேட்டை_தறி:
ஹார்பர் அண்ணா சொல்றதுல பார்க்கிங் கஷ்டம் நெஜம், ஒத்துக்கறேன். ஆனா "தொர வூட்டு புள்ள"ன்னு தள்ளிட்டு போறதுக்கு முன்னாடி அந்த தொர யாருன்னு பாருங்க, ஏன்னா அதுல நம்ம கதையும் கெடக்கு.

எலிஹு யேல் 1687ல இருந்து 1692 வரைக்கும் இங்க கவர்னர். அவர் இருக்கும்போதுதான் 1688 செப்டம்பர் 29 மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஆரம்பிச்சாங்க, வீட்டு வரி ரசீது பாக்கும்போதெல்லாம் நெனச்சிக்கோங்க. சொந்தமா வியாபாரம் பண்ணி ஏகப்பட்டத சேத்துட்டாருன்னு புகார் கெளம்பி பதவிய விட்டு தூக்கிட்டாங்க. ஊருக்கு போய் ரொம்ப நாள் கழிச்சு, 1718ல, அமெரிக்காவுல ஒரு சின்ன காலேஜுக்கு 9 மூட்டை சரக்கு, 417 புத்தகம், அவங்க ராஜாவோட படம் ஒண்ணு அனுப்புனாரு. சரக்க வித்து 562 பவுண்டு வந்துச்சு, காலேஜுக்கு அவர் பேர வச்சிட்டாங்க. அதான் இன்னைக்கு யேல் யூனிவர்சிட்டி.

அந்த ஆளு பணம் எங்கருந்து வந்துச்சு? மெட்ராஸ் வியாபாரம்னாலே அன்னைக்கு துணிதான. அந்த துணிய நெய்ஞ்சது யாரு, வெளுத்தது யாரு? வண்ணாரப்பேட்டைன்னு ஏன் பேரு வந்துச்சு? கம்பெனி துணிய வெளுக்குறவங்க இருந்த எடம். எங்க காலடிப்பேட்டையே கோலட்ங்கிற இன்னொரு கவர்னர் நெசவாளிங்களுக்காக போட்ட பேட்டை, கோலட்பேட்டை வாயில மாறி காலடிப்பேட்டை ஆயிடுச்சு. எங்க தாத்தா காலம் வரைக்கும் வீட்ல தறி இருந்துச்சு, தறிக்குழி இருந்த எடத்துல இப்ப வாஷிங் மெஷின் நிக்குது.

அந்த ஆள நான் புகழல. அடிமை வியாபாரத்துல அவர் கை எவ்ளோ தூரம் இருந்துச்சுன்னு இன்னைக்கும் சண்ட போட்டுட்டுதான் இருக்காங்க. அதுக்காகத்தான் இது நிக்கணும்ங்கறேன். இத எடுத்துட்டா அந்த ஆளு இங்க இருந்தாருன்னு காட்ட அந்த எடத்துல என்ன இருக்கு, ஒரு ஸ்லாட் நம்பரா?

ஹார்பர்_லோடு:
தங்கச்சி நல்லா சொல்ற, ஆனா கொள்ளையடிச்சவன் குடும்பத்துக்கு கல்லற காப்பாத்தணும்னு சொல்ற மொத ஆளு நீதான் பா

ராயபுரம்_தாத்தா:
தம்பிகளா, எனக்கு எழுபத்தி மூணு நடக்குது, போன்ல டைப் பண்றது லேட்டாகும், பொறுத்துக்கோங்க.

அந்த எடமே மொத்தமா வெள்ளக்காரன் இடுகாடு. கொய்யாத்தோட்டம்னு சொல்வாங்க. இந்த ஒரு சமாதி மட்டும் இல்ல, எக்கச்சக்கமா இருந்துச்சு. இப்ப பவ்னி குடும்பத்து கல்லறை ஒண்ணும் இதுவுந்தான் மிச்சம். மத்ததெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க. 1758 டிசம்பர்ல பிரெஞ்சுக்காரன் லாலி வந்து கோட்டைய முத்துகை போட்டான், 1759 பிப்ரவரி வரைக்கும். அவன் ஆளுங்க இந்த சமாதிங்களுக்கு பின்னாடி பதுங்கிக்கிட்டு கோட்டைய அடிச்சாங்க. ஒவ்வொண்ணும் வீடு ஒசரம், பதுங்க எவ்ளோ சவுகரியம் பாருங்க. அவன் ஓடுனப்புறம் இனிமே இந்த வம்பு வேணாம்னு இங்கிலீஷ்காரனே தன் ஆளுங்க சமாதிய இடிச்சு தரமட்டம் ஆக்கிட்டான். பேர் வெட்டுன கல்ல மட்டும் கோட்டைக்குள்ள சர்ச்ச சுத்தி தரையில பதிச்சான். இன்னைக்கும் போனா அது மேலதான் நடக்கணும், செருப்பு கால் வைக்க கூச்சமா இருக்கும். அந்த கல்லுக்கும் நிம்மதி இல்ல, ஹைதர் அலி பயத்துல 1782ல அத பேத்து பீரங்கி நிறுத்த மேடையா போட்டாங்க, அப்புறம் திருப்பி கொண்டாந்து பதிச்சாங்க.

இன்னொண்ணு. இப்ப ஐகோர்ட் நிக்குதே, அங்க சென்னகேசவ பெருமாள் கோயில் இருந்துச்சு. 1757ல கம்பெனி அத இடிச்சிட்டான், அதே காரணந்தான், எதிரி வந்து உள்ள பூந்துப்பான்னு. பதிலுக்கு எடம் குடுத்து தேவராஜ முதலி தெருவுல கட்டிக்கிட்டாங்க, பட்டணம் கோயில்னு நாம கும்புடுறமே அதான். கோயில சுத்தி நம்ம ஜனங்க இருந்த பழைய கறுப்பர் பட்டணமும் போச்சு. இதுக்கப்புறம் வீடு கட்டாதேன்னு 1773ல எல்லை போட்டு 13 தூண் நட்டான், அதுல ஒண்ணு பாரிமுனைல டேர் ஹவுஸ் பக்கம் இன்னும் நிக்குது. டீ குடிக்கிறவன் எவனாவது நிமிந்து பாத்திருப்பானா? நானே ரிட்டயர் ஆனப்புறம்தான் பாத்தேன்.

ஆக அந்த மண்ணுல கோயில் போச்சு, ஊர் போச்சு, அவன் சமாதியும் போச்சு. இத ஏன் விட்டான்? கவர்னர் புள்ளன்னு ஒரு மரியாதையா இருக்கும்னு நான் நெனைக்கிறேன். பெரிய எடத்து சமாதிக்கு அப்பவும் தனி சட்டந்தான்.

பாரிமுனை_பையன்:
தாத்தா சூப்பர். சமாதிக்கு பின்னாடி பதுங்கி சண்ட போட்டான்ங்கிறத நான் இவ்ளோ நாள் கவனிக்கல. நாங்க வாத்தியார் வந்தா அதே மாதிரிதான் பதுங்குவோம்.

சுண்ணாம்பு_கை:
எல்லாரும் எடுக்கலாமா வேணாமான்னு பேசுறீங்க, எடுக்க முடியுமான்னு ஒருத்தரும் கேக்கல. எங்க குடும்பம் மூணு தலமுறையா பழைய கட்டட பூச்சு வேலதான், நானும் ஜார்ஜ் டவுன்ல நாலஞ்சு பழைய வீட்டுக்கு கை வச்சிருக்கேன். அதனால சொல்றேன்.

எடத்த மாத்துறதுன்னா ரெண்டு வகை. ஒண்ணு கல்லு கட்டடம். கல்லுக்கு நம்பர் போட்டு ஒவ்வொண்ணா எறக்கி அதே வரிசைல திருப்பி அடுக்கலாம். ஆந்திராவுல நாகார்ஜுனசாகர் டேம் கட்டும்போது முழுகுற எடத்துல இருந்தத எடுத்து மாத்துனாங்க. எகிப்துல அபு சிம்பெல் கோயில அறுத்து துண்டு துண்டா மேல தூக்குனாங்க, 1964ல இருந்து 68 வரைக்கும், அதுக்கு உலகமே காசு போட்டுச்சு. நல்லா பாத்துக்கோங்க, நாலு வருஷம், நாலு வாரம் இல்ல.

இது செங்கல்லும் சுண்ணாம்பும். கீழ சதுரமா கட்டு, மேல போகப்போக குறுகி கூம்பு. செங்கல் கட்டடத்துல செங்கல் முக்கியமே இல்ல, நடுவுல இருக்குற கலவைதான் அத புடிச்சிட்டு நிக்குது. கிளிஞ்சல சுட்டு, தண்ணி ஊத்தி நீத்து, சலிச்சு, மணலோட நாள் கணக்குல அரைச்சு, கடுக்கா தண்ணி வெல்லத்தண்ணி விட்டு போடுற கலவை. மேல் பூச்சுக்கு முட்ட வெள்ளக்கருவும் சேப்பாங்க, மெட்ராஸ் சுண்ணாம்புன்னா அந்தக்காலத்துல பளிங்கு மாதிரி மினுக்கும்னு பேரு. எங்க அப்பா பூச்சு போட்டு முடிச்சு கூழாங்கல்லால தேய்ப்பாரு, முகம் தெரியற வரைக்கும் விடமாட்டாரு, எங்கள பக்கத்துல நிக்க வச்சு "மூக்கு தெரியுதாடா, காது தெரியுதாடா"ன்னு கேப்பாரு. அந்த மாதிரி கட்டு முன்னூறு வருஷம் காத்தையும் மழையையும் குடிச்சு ஒரே பாறையா ஆயிருக்கும். அத பேத்தா செங்கல் பாதி ஒடையும், கலவை மொத்தமா பொடி. அப்புறம் வேற எடத்துல கட்டுறது நகல். சிமெண்ட்ட போட்டு நகல் எடுத்தா இன்னும் கேவலம், அதுக்கு ஒரு போட்டோவ பிரேம் போட்டு மாட்டிடலாம்.

இன்னொண்ணு, மேல இருக்குற கட்டடத்த நகத்துனா கீழ இருக்குறவங்கள என்ன பண்ணுவாங்க? அதுவும் கூட வருமா?

ஹார்பர்_லோடு:
அண்ணாத்த கடசி கேள்வி கேட்டியே அது கரீட்டு. அத நான் யோசிக்கல.

காசிமேடு_கடல்:
அந்த கேள்விக்கு நான் பதில் சொல்றேன். கீழ இருக்குறவங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, ஏன்னா கீழ ஒண்ணும் இருக்காது. கடலோர மண்ணு நம்ம மண்ணு, சீக்கிரம் சாப்ட்டுடும். எனக்கு தெரியும், ஏன்னா நான் பாத்திருக்கேன்.

எங்க ஆயாவ காசிமேடு கல்லறைல வச்சோம். நானும் எங்க சித்தப்பாவும் சிலுவைக்கு பெயிண்ட் அடிச்சு பேர் எழுதுனோம், எங்க சித்தப்பா மீன்புடிக்கிற ஃபைபர் போட்டுக்கு பேர் எழுதுற ஆளு, அதனால ஆயா பேரும் போட்டு பேரு மாதிரியே சாச்சு நிழல் விட்டு எழுதிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க, சாவு வீட்ல. பல வருஷம் கழிச்சு தாத்தா போனாரு. புது குழிக்கு எடம் ஏதுப்பா, குடும்ப குழிய தெறங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்றாங்க. தெறந்தாங்க. ஆயாவோட சேல பார்டர்ல இருந்த ஜரிக மட்டும் கொஞ்சம் கெடந்துச்சு, மூணு நாலு எலும்பு. குழி வெட்டுற அண்ணன் அத ஒரு துணில சுத்தி கால்மாட்டுல ஓரமா வச்சிட்டு தாத்தாவ எறக்குனாரு. அவ்ளோதான். கோவப்பட என்ன இருக்கு, ரெண்டு பேரும் ஒண்ணா படுத்துட்டாங்க, உயிரோட இருக்கும்போது ஒத்த ரூம்தான எங்க வீடு.

கேத்தரின் அம்மா பண்ணுனதும் அதான. புள்ள செத்துட்டான், ஏற்கனவே வீட்டு ஆள் ஒருத்தர் படுத்திருக்குற எடம் இருக்கு, அங்க வச்சிட்டாங்க. நாங்க பண்ணதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம், எங்களுது மேல கூம்பு இல்ல.

காலடிப்பேட்டை_தறி:
😭 போட்டு எழுத்துல ஆயா பேரு

ராயபுரம்_தாத்தா:
தம்பி காசிமேடு, மனசு கனத்துப் போச்சு.

கல்லறை பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு சேத்துக்கறேன். மூலக்கொத்தளம் இடுகாட்டுல நடராசனும் தாளமுத்துவும் இருக்காங்க, 1939ல இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்கு போய் செத்தவங்க. நடராசன் ஜனவரில, தாளமுத்து மார்ச்ல. எழும்பூர்ல அவங்க பேர்ல பெரிய மாளிகையே இருக்கு. அங்க கட்டட பர்மிஷனுக்கு நிக்கிறவங்கள்ல எத்தன பேருக்கு அந்த ரெண்டு பேரும் நம்ம பேசின் பிரிட்ஜ் பக்கத்துல படுத்திருக்காங்கன்னு தெரியும்?

ஹார்பர்_லோடு:
தாத்தா அத சொல்லு! அதத்தான் நான் மொதல்லருந்து கேக்கறேன். நம்மாளு சமாதி எங்க கீதுன்னு எவனுக்கும் தெரியாது, தொர புள்ள சமாதிக்கு 100 மீட்டருக்கு கோடு போட்டு வெச்சிக்கிறான். அத எடுன்னு சொல்லல இப்ப, சுண்ணாம்பு அண்ணாத்த சொன்னதுல மனசு மாறிட்ச்சு, ஒடையும்னா வேணாம் வுடு. ஆனா கோடு ஏன் இவனுக்கு மட்டும்? மூலக்கொத்தளத்துக்கும் போடு.

பாரிமுனை_பையன்:
ஹார்பர் அண்ணா, இதுதான் நீங்க இந்த இழைல சொன்ன நல்ல பாயிண்ட். ஆனா சட்டப்படி பாத்தா கோடு போட்டது சமாதிக்காக இல்ல, லிஸ்ட்ல இருக்குற எதுக்கும் அதே 100 மீட்டர்தான். அதுல எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. பாம்பே, பாரிஸ் கார்னர், எந்த நெரிசல் ஊரா இருந்தாலும் ஒரே அளவுகோல்னா ஜனங்களுக்கு சின்னத்து மேலதான் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்லதான் இப்ப "பழமையும் இல்ல, சரித்திர மதிப்பும் இல்ல"ன்னு ஆர்டர்லயே வந்திருக்கு. 1680ல கட்டுனது பழசு இல்லன்னா பக்கத்துல 1892ல தெறந்த ஐகோர்ட் என்ன, 1899 லா காலேஜ் என்ன, நேத்து போட்ட பந்தலா? படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் தொழில் ஞாபகம் வந்து நிறுத்திட்டேன்.

சுண்ணாம்பு_கை:
வக்கீல் சார் உஷாரு

காலடிப்பேட்டை_தறி:
பழவேற்காடு போயிருக்கீங்களா யாராவது? டச்சுக்காரன் இடுகாடு, ஊருக்குள்ளயே. வாசல்லயே ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வச்சிருப்பான், உள்ள ஒவ்வொரு கல்லுலயும் பூ, கொடி, குடும்ப முத்திரைன்னு எழச்சு எழச்சு வேல. அதுவும் தொல்லியல் துறை பாத்துக்குறதுதான். கூம்பு சமாதிய பாத்துட்டு அத பாத்தீங்கன்னா இது ரொம்ப சாதாரணமா தெரியும், நெஜமா. அழகுக்காக இத காப்பாத்தணும்னு நான் சொல்ல மாட்டேன். இந்த எடத்துலதான் ஊர் ஆரம்பிச்சுதுன்னு சொல்ல தாத்தா சொன்ன கோயிலும் இல்ல, கறுப்பர் பட்டணமும் இல்ல. ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறது இது ஒண்ணுதான். ஆணிய புடுங்கி வேற செவுத்துல அடிச்சா எதுக்கு?

காசிமேடு_கடல்:
அக்கா அப்ப ஞாயித்துக்கிழம எல்லாரும் போய் பாக்கலாமா, தாத்தாவையும் கூட்டிட்டு

ராயபுரம்_தாத்தா:
ஞாயிறு கோர்ட் லீவு, உள்ள விடமாட்டாங்க. வேல நாள்ல போங்க. எனக்கு மூட்டு வலி, பாரிமுனை தூண் வரைக்கும் வேணா வரேன்.

பாரிமுனை_பையன்:
போய்ட்டு வந்துட்டேன் மக்களே. ஒரு வாய்தாவுக்கு போனேன், கேஸ் பதினஞ்சு நாள் தள்ளிப் போச்சு, அப்படியே அந்தப்பக்கம் நடந்தேன். பாத்து பல வருஷம் ஆச்சு. நாங்க உக்காந்த எடத்துல வேலி போட்ருக்கு, கிட்ட போக முடியல. கூம்புல பாதி ஒசரத்துல ஒரு அரசங்கன்னு மொளச்சிருக்கு, ஒரு முழம் இருக்கும், எல தளதளன்னு. சுண்ணாம்பு அண்ணே, ஆர்டருக்கு முன்னாடி அதுவே பேத்துடும்போல. நெழல் பழைய மாதிரியேதான் விழுது, மதியம் ஒண்ணர மணிக்கு கெழக்கால. நெழல்ல மூணு பைக் நின்னுச்சு.

நான் அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறத பாத்து வாட்ச்மேன் வந்தாரு. என்ன சார் தேடுறீங்கன்னு கேட்டாரு. சமாதி பாக்க வந்தேன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு, "வண்டி எங்க சார் போட்ருக்கீங்க?"ன்னாரு.

ஹார்பர்_லோடு:
எங்க போட்ட?

பாரிமுனை_பையன்:
ரோட்டுலதான் 🙈

சுண்ணாம்பு_கை:
அரசங்கன்ன சும்மா இழுத்து புடுங்கிடாதீங்க யாரும், வேர் உள்ள இருக்குறப்ப இழுத்தா கலவையோட வரும். மேல வெட்டிட்டு வேர சாவடிக்கணும், அதுக்கு தனி மருந்து இருக்கு. போட்டோ இருந்தா போடுங்க, எவ்ளோ ஆழம் போயிருக்கும்னு பாத்து சொல்றேன்.